பகவதி கொடுத்தனுப்பும் தீ

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் ரயில் பாதையில், கேரளத்துக்குள் நுழைந்ததும் வரும் நிலையம் மீனாட்சிபுரம். கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே பேச்சில் கலந்து ஓடும். இங்கிருந்து மேற்கே போகப் போக, பாலக்காடு, பறளி, ஒற்றப்பாலம், ஷொர்ணூர் என்று ஊருக்கு ஊர் தமிழ் குறைந்துகொண்டே வரும். தமிழ் இதோடு முடிந்தது என்று நினைக்கத் தோன்றும் இடத்தில்தான் கம்பனை விடிய விடியப் பாடுகிறார்கள்.

ஜனவரி தொடங்கி மே வரை, அறுவடை முடிந்த மாதங்களில், பாரதப்புழையின் கரையோர ஊர்களில் உள்ள பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும். ஏழு இரவு, பதினான்கு இரவு, இருபத்தோரு இரவு என்று கோயிலுக்கு ஒரு கணக்கு. 41 இரவும் 71 இரவும் நீளும் கோயில்களும் உண்டு. பாடுபவர்களைப் புலவர் என்று அழைப்பார்கள். வீட்டில் பேசுவது மலையாளம். திரைக்குப் பின்னால் பாடுவது கம்பராமாயணம். தமிழ்நாட்டில் தோல்பாவைக்கூத்து நடத்துபவர்களோ, வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பத்தினர். மொழிகள் இப்படி இடம் மாறி உட்கார்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம், எல்லைக்கோடு போட்டவர்கள் இந்தக் கலைஞர்களைக் கேட்டுக்கொண்டு போடவில்லை என்பது உறுதியாகிறது.

எந்த நாடகக்காரரும் முதல் நாள் மேடையேறும் முன் ஏதோ ஒன்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சலங்கை, ஆர்மோனியம், மேடையின் முதல் பலகை, வாத்தியாரின் கால், இப்படி ஏதாவது ஒன்று. பாலக்காட்டுக் கூத்துக்காரர்களுக்கு அது ஒரு தீ. கோயில் கருவறையில் பிறந்து, கை மாறி, வாசல் தாண்டி, கூத்துமாடத்துக்குள் போய், இருபத்தொன்றாகப் பெருகி, இரவெல்லாம் உழைக்கும் தீ. அதன் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

தீ பிறந்த கதை கேரளத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாருகன் என்ற அசுரனை அழிக்கச் சிவன் தன் நெற்றிக்கண்ணிலிருந்து பத்ரகாளியை, அதாவது பகவதியைப் பிறப்பித்தார். அவள் தாருகனோடு போரிட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் இலங்கையில் ராம ராவண யுத்தம். தன் போரை முடித்துவிட்டு வந்தவளுக்கு அந்தப் போரைப் பார்க்க முடியாமல் போனது மனக்குறை. சிவனிடம் முறையிட்டாள். ஆண்டுதோறும் உன் சந்நிதியில் அதை நடத்திக் காட்டுவார்கள் என்று அவர் வாக்குக் கொடுத்தார். புலவர்கள் தங்கள் கூத்துக்குக் காரணமாகச் சொல்வது இதைத்தான். நெருப்பிலிருந்து பிறந்த தெய்வம், நெருப்பின் வெளிச்சத்தில், தான் தவறவிட்ட கதையைப் பார்க்கிறது. ஆகவே கூத்துக்கு வேண்டிய நெருப்பும் அவளிடமிருந்தே வந்தாக வேண்டும். தீப்பெட்டி உரசி ஏற்றிவிட முடியாது.

கூத்துமாடம் என்பது கோயிலுக்கு வெளியே தனியாகக் கட்டிய நீண்ட கட்டடம். நீளம் ஏறத்தாழ 42 அடி. அதன் முகம் பகவதியின் சந்நிதியைப் பார்த்து இருக்கும். ஆண்டின் மற்ற நாட்களில் சும்மா கிடக்கும் இந்த மாடத்தைக் கூத்துக்காலம் வந்ததும் கழுவித் துடைத்து, குறுக்கே திரை கட்டுவார்கள். ஆயப்புடவை என்று இதற்குப் பெயர். மேற்பகுதி வெள்ளை, கீழ்ப்பகுதி கறுப்பு. வெள்ளையில் தேவரும் மனிதரும் அரக்கரும் நடமாடுவார்கள். கறுப்பைப் பாதாளம் என்பார்கள். நடைமுறையில் அந்தக் கறுப்புத் துணிதான் உள்ளே உட்கார்ந்திருக்கும் கலைஞர்களின் உடலை மறைக்கிறது.

முதல் நாள் மாலை. ஊருக்கு ஊர் முறை கொஞ்சம் மாறினாலும் போக்கு ஒன்றுதான். பல கோயில்களில் கூத்துக்கென்றே கொடியேற்றுவார்கள். கேளி கொட்டி, இன்று கூத்து உண்டு என்று சுற்று வட்டாரத்துக்குத் தெரிவிப்பார்கள். சந்நிதியில் பூஜை முடியும். வெளிச்சப்பாடு, அதாவது பகவதி இறங்கிப் பேசும் சாமியாடி, சிவப்புக் கச்சையும் வளைந்த வாளுமாகப் பாய்ந்து வந்து புலவர்களுக்கு அருள்வாக்குச் சொல்வார். கூத்து குறைவில்லாமல் நடக்கட்டும், நான் பார்க்கிறேன் என்பதுதான் அந்த வாக்கின் சாரம். பிறகு கருவறை விளக்கிலிருந்து எடுத்த தீயைப் பூசாரி புலவர் கையில் கொடுப்பார். புலவர் அதை வாங்கிக்கொண்டு மாடத்துக்கு நடப்பார்.

சில அடி தூரம்தான். ஆனால் அந்தச் சில அடியில் தீயின் தொழிலே மாறிவிடுகிறது. கருவறையில் இருந்தவரை மக்கள் தெய்வத்தைப் பார்க்க உதவிய தீ அது. மாடத்துக்கு வந்த பிறகு, தெய்வம் பார்ப்பதற்கு உதவப் போகிறது. மேடை விளக்கு எத்தனையோ நாட்டில் எத்தனையோ விதமாக ஏற்றப்படுகிறது. பார்வையாளரே கொடுத்தனுப்பிய விளக்கில் ஆட்டம் நடப்பதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

வாங்கி வந்த தீ முதலில் மாடத்துத் தூக்குவிளக்கில் ஏறும். திரைக்குப் பின்னால், மாடத்தின் நீளத்துக்கு ஒரு மரச்சட்டம் கட்டியிருப்பார்கள். விளக்குமாடம் என்று அதைச் சொல்வார்கள். அதன்மேல் சரியாக இடைவெளி விட்டு இருபத்தோரு விளக்குகள். விளக்கு என்றால் பித்தளையோ வெண்கலமோ இல்லை. தேங்காயை இரண்டாக உடைத்த மூடிகள். பருப்பைச் சுரண்டாமல் அப்படியே வைத்து, தேங்காயெண்ணெய் ஊற்றி, பருத்தித்துணியைத் திரித்துத் திரியாகப் போடுவார்கள். தேங்காய் உடைப்பது எந்த நல்ல காரியத்துக்கும் முதல் காரியம். ஆனால் பொதுவாக உடைத்த தேங்காய் பிரசாதமாகிக் கறியில் போய்விடும். இங்கே அதையே விளக்காக்கி இரவெல்லாம் வேலை வாங்குகிறார்கள். பக்கத்தில் நின்றால் எண்ணெயும் பருப்பும் சேர்ந்து சூடேறும் வாசனை மூக்கில் ஏறும். மணி ஆக ஆக மூடியின் உள்விளிம்பு பொன்னிறமாகி, பிறகு கருகத் தொடங்கும். எண்ணெய் குறைந்த விளக்குக்கு ஊற்றவும், கரி பிடித்த திரியைத் தட்டிவிடவும் ஓர் ஆள் எப்போதும் கண்ணாக இருக்க வேண்டும். பாட்டுக்காரர் தூங்கினாலும் இன்னொருவர் பாடிவிடலாம். விளக்குக்காரர் கண் அசரக் கூடாது.

தீ ஏறியதும் ரங்கபூஜை. முதலில் திரையில் வருவது கணபதி. முள்ளால் குத்தித் திரையோடு திரையாக நிறுத்துவார்கள். பாவைகளைத் திரையில் பொருத்த இன்றும் முள்தான். ஒரு சிறு முள், காட்டில் கிடைப்பது, இரும்பு ஊசியைவிடத் துணிக்கும் தோலுக்கும் இதமானது. கணபதிக்கு அக்கம் பக்கமாகப் பட்டர் பாவைகள் வந்து பூஜை செய்வது போல ஆடும். இந்தச் சமயத்தில் பாடும் துதிப்பாட்டுக்குக் களரிச்சிந்து என்று பெயர். எழுப்பறை முழங்க, இலத்தாளமும் சேங்கிலையும் சேர, கணபதியையும் சரஸ்வதியையும் பிறகு குருமார் வரிசையையும் பாடுவார்கள். அந்த வரிசை முக்கியம். தனக்குக் கற்றுத் தந்தவர், அவருக்குக் கற்றுத் தந்தவர் என்று பின்னோக்கிப் போகும் வணக்கம் அது. பாலக்காட்டுப் பக்கத்துப் புத்தூரைச் சேர்ந்த சின்னத்தம்பி வாத்தியார்தான் கம்பன் பாட்டைக் கூத்துக்கு ஏற்றபடி தொகுத்து உரை வகுத்தவர் என்பது மரபு. அந்தத் தொகுப்புக்கு ஆடல்பற்று என்று பெயர். கம்பன் செய்யுளோடு வேறு பாடல்களும் அதில் கலந்திருக்கும். ஒவ்வொரு செய்யுளையும் பாடிவிட்டுத் தமிழும் மலையாளமும் விரவிய உரைநடையில் விரித்துப் பேசுவார்கள்.

மற்ற நாடக உலகங்களில் முதல் நாள் சடங்கு பெரும்பாலும் பயத்திலிருந்து பிறந்தது. வசனம் மறந்துவிடக் கூடாது, தொண்டை கட்டக் கூடாது, திரை நடுவில் விழக் கூடாது. இந்தப் பயம் மிகப் பழையது. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரத்தில் முதல் அத்தியாயமே ஒரு முதல் நாள் விபத்தைச் சொல்கிறது. இந்திரனின் கொடி விழாவில் முதல் நாடகம் அரங்கேறுகிறது. கதை, தேவர்கள் அசுரர்களை வென்றது. பார்க்க வந்த அசுரர்களுக்குப் பொறுக்கவில்லை. விக்கினங்களைத் துணை சேர்த்துக்கொண்டு நடிகர்களின் பேச்சையும் அசைவையும் நினைவையும் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். மேடையில் நின்று வசனம் மறந்த எவருக்கும் அந்த இடத்தைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். இந்திரன் தன் கொடிக்கம்பைப் பிடுங்கி விக்கினங்களை அடித்து நொறுக்குகிறான். அந்தக் கம்பு ஜர்ஜரம் என்ற பெயரில் மேடையின் காவலாயிற்று. பிறகுதான் விசுவகர்மா நாடகசாலை கட்டுகிறான். மேடைக்குப் பூஜை செய்யாமல் ஆடக் கூடாது என்ற விதியும் வருகிறது.

அந்தக் கம்பின் தமிழ் உறவுதான் தலைக்கோல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையில் மாதவிக்கு நடந்த முதல் நாள் ஏற்பாடுகளை இளங்கோ ஒன்று விடாமல் சொல்கிறார். புறங்காட்டி ஓடிய பகையரசன் ஒருவனின் வெண்கொற்றக்குடையின் காம்பு. அதன் கணுக்கள்தோறும் நவமணிகள் பதித்து, பொன் தகடு போர்த்தி, இந்திரன் மகன் சயந்தனாக நினைத்து அரண்மனையில் வைத்து வழிபடுகிறார்கள். நல்ல நாள் பார்த்துப் பொற்குடத்து நீரால் ஆட்டி, மாலை சூட்டி, பட்டத்து யானையின் கையில் கொடுக்கிறார்கள். அரசனும் ஐம்பெருங்குழுவினரும் உடன் வர, அது தேரில் நிற்கும் கவிஞன் கைக்கு மாறி, ஊரை வலம் வந்து, அரங்கில் எதிர்முகமாக வைக்கப்படுகிறது. அதன் பிறகே மாதவி வலக்காலை முன்வைத்து மேடை ஏறி, வலப்பக்கத் தூணருகே நிற்கிறாள். ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் ஏறும் முதல் மேடை. ஆட்டம் முடிந்ததும் அரசன் கொடுத்தது பச்சைமாலை, தலைக்கோலி என்ற பட்டம், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். தலைக்கோலி என்ற அந்தப் பட்டம் பல நூற்றாண்டு கழித்துச் சோழர் கல்வெட்டுகளில் ஆடல் மகளிரின் பெயரோடு வருவதைப் பார்க்கலாம்.

அதே காதையில் அரங்கின் அளவையும் இளங்கோ தருகிறார். புண்ணிய மலையில் நெடிதாக வளர்ந்த மூங்கிலில், கணுவுக்குக் கணு ஒரு சாண் இருப்பதாகத் தேர்ந்து, இருபத்துநான்கு பெருவிரல் அளவில் ஒரு கோல் நறுக்கி, அந்தக் கோலால் ஏழு அகலம், எட்டு நீளம், ஒன்று உயரம். விளக்கைப் பற்றி அவர் சொல்வதுதான் எனக்கு இங்கே வேண்டியது. தூண்களின் நிழல் ஆடுபவர்மீதும் பார்ப்பவர்மீதும் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்கிறார். புகாரில் நிழலை விரட்ட விளக்கு வைத்தார்கள். பாரதப்புழையின் கரையில் நிழலை அழைக்க விளக்கு வைக்கிறார்கள். இரண்டும் மேடைக்கலையை ஆழமாக அறிந்தவர்களின் முடிவுதான். இளங்கோவைச் சேரர் குடியில் பிறந்தவர் என்று மரபு சொல்வதால், இந்த இரண்டு விளக்குகளையும் ஒரே வீட்டு விளக்குகளாக நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

ஆனால் தலைக்கோலுக்கும் இந்தத் தீக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்கவும் கூடாது. தலைக்கோல் போர்க்களத்திலிருந்து வந்தது. அரசன் அதிகாரம் அதில் ஏறியிருந்தது. சோழரும் சேரரும் போனபின் அதைத் தூக்கிச் செல்ல யானை இல்லை. கூத்துமாடத்துத் தீ அரசனுக்குக் கட்டுப்பட்டது இல்லை. ஒரு தேங்காய் மூடியும் கொஞ்சம் எண்ணெயும் கிடைக்கும் எந்த ஊரிலும் அது எரியும். ஊர்க்காரர்களின் காணிக்கையில் எரியும். ஆகவே தங்கியது.

இரவு ஏறுகிறது. கணபதி போய், பட்டர் போய், கதை தொடங்கும். பல கோயில்களில் பஞ்சவடியிலிருந்து தொடங்குவது வழக்கம். ராமன் பிறப்பிலிருந்து தொடங்கும் இடமும் உண்டு; சேதுபந்தனத்திலிருந்து தொடங்கும் இடமும் உண்டு. பஞ்சவடியில் கம்பனில் இல்லாத ஒரு பகுதி வரும். சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் தவத்தில் இருக்கிறான். லட்சுமணன் தெரியாமல் அவனைக் கொன்றுவிடுகிறான். இப்படி, மூக்கறுபடுவதற்கு முன்பே சூர்ப்பணகை பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகிவிடுகிறாள். அவள் அழுகையை ஒரு தோல் துண்டும் இருபத்தோரு சுடரும் ஒரு மனிதக் குரலும் சேர்ந்து திரையில் கொண்டுவருவதைச் சொல்லில் சொல்வது கடினம். பாவையின் உடம்பெல்லாம் சிறு சிறு துளைகள். உளியால் ஒவ்வொன்றாகத் தட்டியவை. ஆபரணம், ஆடை மடிப்பு, கண் விளிம்பு எல்லாம் அந்தத் துளைகள் வழியே வரும் வெளிச்சம்தான். சுடர் காற்றில் அசையும்போது, குத்தி நிறுத்திய பாவையும் மூச்சு விடுகிறது. மின்விளக்கில் இது வராது.

போர் நாட்களில் தீக்கு வேலை கூடும். குங்கிலியப் பொடியைச் சுடரில் வீசுவார்கள். தெள்ளிப்பொடி என்பது அங்குள்ள பெயர். குப்பென்று ஒரு வெளிச்சம் எழுந்து திரை முழுவதும் பளீரிடும். அம்பு பாய்ந்தது, அஸ்திரம் வெடித்தது என்று பார்ப்பவருக்குப் புரியும். உள்ளே இருப்பவர்களின் முகத்தில் அனல் அடிக்கும். நீளமான, குறுகலான மாடம், இருபத்தோரு விளக்கு, நாலைந்து ஆள், மார்ச், ஏப்ரல் மாதப் புழுக்கம். புலவர்கள் மேல்துண்டு மட்டும் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிய, விடியும் வரை பாடுகிறார்கள். முன்பு பாவைக்கு மான் தோல்தான். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு புதிய பாவைகளை ஆட்டுத்தோல் போன்றவற்றில் செய்கிறார்கள். பழைய மான்தோல் பாவைகளைப் பெட்டியில் பத்திரமாக வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கையாளுகிறார்கள்.

திரைக்கு முன்னால் யார் இருக்கிறார்கள்? இதைச் சொல்லும்போதுதான் மனம் கனக்கிறது. பல இரவுகளில் யாரும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தக் கூத்தைப் பல காலம் கூடவே இருந்து கேட்டு, 1996இல் ஒரு நூலாக எழுதினார். அவரை முதலில் தாக்கியதும் இதுதான். ஆட்கள் இல்லாத திடலைப் பார்த்து விடிய விடியக் கதை. உள்ளே இருக்கும் புலவர்கள் ஒருவருக்கொருவர் பேசி, கேள்வி கேட்டு, மடக்கி, விளக்கி, தங்களுக்குள்ளேயே ஓர் அவையை உண்டாக்கிக்கொள்வதை அவர் விரிவாகக் காட்டுகிறார்.

இதைச் சிலர் கலையின் அழிவு என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூட்டம் வந்தால் நல்லதுதான். ஆனால் இந்தக் கூத்து கூட்டத்தை நம்பித் தொடங்கவில்லை. முதல் நாள் மாலையில் தீ கொடுத்த ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்ற நம்பிக்கையில் நடக்கிறது. காலியான திடலைப் பார்த்தும் ஒரு செய்யுளைக்கூட விடாமல் பாடுகிற துணிவை வேறு எதனாலும் விளக்க முடியாது. வெற்றி வேண்டும், கைதட்டல் வேண்டும் என்று கேட்கும் சடங்காக இருந்திருந்தால், கைதட்டல் நின்ற ஆண்டிலேயே சடங்கும் நின்றிருக்கும்.

உலகின் இன்னொரு மூலையிலும் இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு. நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் எல்லோரும் வீட்டுக்குப் போனபின், மேடை நடுவில் ஒரு கம்பத்தில் ஒற்றை விளக்கை எரிய விட்டுவிட்டுப் போவார்கள். பேய் விளக்கு என்று அதற்குப் பெயர். இருட்டில் யாரும் தடுக்கி விழாமல் இருக்க என்பது நடைமுறைக் காரணம். அரங்கில் உலவும் பழைய நடிகர்களின் ஆவிகளுக்கு என்பது நடிகர்கள் சொல்லும் காரணம். 2020இல் பெருந்தொற்றால் அரங்குகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோதும் பல அரங்குகளில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நம் பக்கத்துக் கதகளியில் ஆட்டவிளக்கின் ஒரு திரி ஆடுபவரையும் மற்றொன்று பார்ப்பவரையும் நோக்கி எரியும். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடகக் கம்பெனிகளில் திரை தூக்கும் முன் சூடம் கொளுத்திக் காட்டாமல் ஆர்மோனியப் பெட்டியில் கை வைக்க மாட்டார்கள். மேடைக்காரர்கள் எங்கே இருந்தாலும் வெளிச்சத்தோடுதான் பேசிப் பழகியிருக்கிறார்கள்.

இந்தத் தீ கோயிலை விட்டு வெளியே போன கதையும் உண்டு. ஷொர்ணூருக்கு அருகே கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் அதைச் செய்தவர்களில் முதன்மையானவர். 1925இல் பிறந்து 2000இல் மறைந்தார். விடிய விடிய நடக்கும் கூத்தைச் சுருக்கி, பொது அரங்குகளுக்கும் வெளிநாடுகளுக்கும் கொண்டுபோனார். கோயிலில் மட்டும் நடக்க வேண்டியதை வெளியே கொண்டுபோகலாமா என்ற கேள்வி அப்போது எழாமல் இருக்குமா? ஆனால் கூத்தை மட்டுமே நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்ற நிலை வந்தபோது, அவர் எடுத்த முடிவு கலையைக் காத்தது என்றே நினைக்கிறேன். அவர் மகன் ராமச்சந்திர புலவர் காந்தியின் வாழ்க்கையையும் இன்றைய செய்திகளையும் பாவைகளில் கொண்டுவந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதே குடும்பத்தில் பெண்களும் திரைக்குப் பின்னால் அமர்ந்து தனிக் குழுவாக நடத்தத் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டில் தோல் பதப்படுத்தவும் துளையிடவும் வண்ணம் தீட்டவும் பெண்களின் கை எப்போதும் உண்டு. திரைக்குப் பின்னால் மட்டும் இத்தனை காலம் இடமில்லாமல் இருந்தது.

வெளி அரங்குகளில் 21 விளக்கு கட்ட இடம் இருக்காது. தீயணைப்பு விதிகளும் குறுக்கே வரும். பல இடங்களில் மின்விளக்கில்தான் நிழல் விழுகிறது. கருவறைத் தீ அங்கே கிடைக்காது. ஆனாலும் குத்துவிளக்கு ஏற்றி, கணபதியை வணங்கி, குருவை நினைத்த பிறகே பாவையைக் கையில் எடுக்கிறார்கள். கோயிலில் பகவதியிடமிருந்து வாங்குகிறார்கள். அரங்கில் தாங்களே ஏற்றிக்கொள்கிறார்கள். இந்த இரண்டும் ஒன்றுதானா என்பதைப் புலவர்கள்தான் சொல்ல வேண்டும். கூத்துமாடத்துக்குள் உட்கார்ந்து பாடுவதையும் மேடையில் நடத்துவதையும் அவர்கள் ஒரே தட்டில் வைப்பதில்லை. மாடத்தில் நடப்பது வழிபாடு, வெளியே நடப்பது கலை நிகழ்ச்சி என்ற தெளிவு அவர்களுக்கு உண்டு.

எனக்கு உள்ள ஆதங்கம் வேறு. ஆனைமலையில் பிறந்து சித்தூர் வழியாக ஓடும் கண்ணாடிப்புழை பறளியில் கல்பாத்திப்புழையோடு சேரும் வழியில்தான் தமிழும் பாரதப்புழைக் கரைக்கு வந்தது. பாலக்காட்டுக் கணவாய் எப்போதும் திறந்த கதவு. மலையாளத்துக்குத் தன் அத்யாத்ம ராமாயணத்தைத் தந்த எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் தங்கியது சித்தூரில். அவர் குருமடம் அங்கே இன்றும் இருக்கிறது. அந்த ஊருக்கு மேற்கே, எழுத்தச்சனின் மலையாளத்தில் வீடுதோறும் ராமாயணம் படிக்கும் மண்ணில், பகவதிக்கு மட்டும் கம்பனின் தமிழைப் பாடுகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்குச் செய்யுள் முழுவதும் விளங்குவது கடினம். உரையைக் கொண்டுதான் கதையைப் பிடிக்கிறார்கள். செய்யுளைக் கேட்ட மாத்திரத்தில் அனுபவிக்கக் கூடியவர்கள் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிறோம். பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் கோயம்புத்தூருக்கும் அது ஒரு மாலைப் பயணத் தூரம். கம்பன் விழாக்களுக்கு மண்டபம் நிறைய உட்காரும் நாம், கம்பன் ஆண்டுதோறும் இருபத்தோரு இரவு பாடப்படும் இடத்துக்குப் போவதில்லை.

போவதற்குச் சீட்டு வேண்டாம், அழைப்பிதழ் வேண்டாம். மேற்குப் பாலக்காட்டில் கவளப்பாறை ஆரியங்காவு போன்ற கோயில்களில் பூரத்துக்கு முந்தைய நாட்களில் கூத்து நடக்கும். கேளி கொட்டும் நேரத்துக்குப் போய்விட்டால் தீ கை மாறுவதையும் பார்க்கலாம். திடலில் பாய் விரித்து உட்கார வேண்டியதுதான். பின்னிரவில் பனி இறங்கும், போர்வை அவசியம். நடுவில் கண் அயர்ந்தாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விழித்தபோது பாட்டு விட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஓடிக்கொண்டிருக்கும்.

ஓர் இரவுக் கூத்தை வேண்டுதலாகச் செய்து வைப்பதும் அங்கே வழக்கம். பிள்ளை வரம், நோய் தீர்தல், வழக்கு முடிதல் என்று ஊர்க்காரர்கள் நேர்ந்துகொண்டு செலுத்துகிறார்கள். கணபதி பூஜை முடிந்து கதை தொடங்கும் முன், அன்றைய கூத்துக்குக் காணிக்கை கொடுத்தவர்களைச் சொல்லி வாழ்த்துவார்கள். அந்த வாழ்த்தைச் சொல்வது பட்டர் பாவைகள். தீ ஏற்றும் சடங்கில் புலவர்கள் தங்களுக்கென்று கேட்டுக்கொள்வதைவிட, இப்படி மற்றவர்களுக்காகக் கேட்பதே அதிகம். அடுத்த மாசியிலோ பங்குனியிலோ, தமிழ்நாட்டிலிருந்து போகும் யாராவது ஒருவர் ஓர் இரவை ஏற்றுக்கொண்டால், அவர் வீட்டு நலனுக்கான வாழ்த்தையும் அந்த இருபத்தோரு விளக்குகளின் முன் பாவைகள் சொல்லும்.